நின்ற சைக்கிள்தான் விழுந்தது: அல்சூரில் ஒரு குடும்பத்தின் பள்ளிச் சவாரி

பெங்களூரு அல்சூரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் 2023 ஜூன் முதல் இரண்டு சின்னப் பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கும் கொண்டுபோய்விட்டது. அந்த ஒன்றரை வருடத்தின் பதிவு இது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சைக்கிள் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். அப்படித்தான் இவர்கள் பழக்கம். தொடக்கத்திலும் விபத்துக்குப் பிறகும் பல காலைகளில் இவர்களுக்குப் பின்னால் என் சைக்கிளில் போய்க் குறிப்பு எடுத்திருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வீடு அல்சூர் ஏரிக்கும் சோமேஸ்வரர் கோயிலுக்கும் நடுவில் ஒரு பழைய தெருவில். வாசலில் இரண்டு படி, அதை ஒட்டி ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு திண்ணை. வீட்டில் ஐந்து பேர்: அம்மாவுக்கு 31 வயது, அப்பாவுக்கு 34, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகளுக்கு 6, மகனுக்கு இரண்டரை. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 58. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம்.

மகளின் பள்ளி இந்திரா நகர்ப் பக்கம், 2.4 கிலோமீட்டர். மகனின் காப்பகம் அதே வழியில், பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால். அம்மாவின் அலுவலகமும் அந்தப் பக்கமே. ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும்.

அதுவரை எல்லாரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனார்கள். மகள் முன்னால் நிற்பாள், மகன் அம்மா மடியில். 2023 பிப்ரவரி 15 முதல் ஒரு மத்திய விதி நடைமுறைக்கு வந்தது. இருசக்கர மோட்டார் வாகனத்தில் போகும் 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் ஏற்கெனவே கட்டாயம். அப்பா அந்தச் செய்தியைப் படித்த வாரமே இரண்டு சின்ன ஹெல்மெட் வாங்கினார், இரண்டும் சைக்கிள் ஹெல்மெட். நான்கு வயது வரையிலான குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டையும் அந்த விதி ஏற்றுக்கொள்கிறது. சைக்கிளில் போக ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஹெல்மெட் வீட்டில் இருந்ததால் பிள்ளைகள் தலையில் ஏறியது. ஆகஸ்டில் அது எவ்வளவு பெரிய விஷயமாக ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூனில் அப்பாவுக்கு ஒயிட்ஃபீல்டில் காலை ஷிப்ட் வந்தது. ஸ்கூட்டர் அவரோடு ஆறு மணிக்கே கிளம்பிவிடும். பள்ளி வேன்காரர் இரண்டரை வயதுப் பையனை ஏற்ற மாட்டேன் என்றார். தினம் இரண்டு வேளை ஆட்டோ வைத்தால் மாதக் கடைசி தாங்காது. பையனைக் கூட்டிக்கொண்டு நடந்தால் முக்கால் மணி நேரம்.

சைக்கிள் அம்மாவின் யோசனை. பிளஸ் ஒன் படிக்கும்போது தமிழ்நாட்டு அரசு கொடுத்த சைக்கிளில் அறந்தாங்கிப் பக்கம் தினமும் எட்டு கிலோமீட்டர் போய் வந்தவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகு பதினொரு வருடம் சைக்கிளைத் தொடவில்லை.

முதல் ஏற்பாடு

பழைய 26 அங்குல லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினார்கள். கியர் கிடையாது. அல்சூர் ஏரியை விட்டு எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான் என்பதால், பின் சக்கரத்தில் செயின் சுற்றும் பல்சக்கரமான ஃப்ரீவீலை, 18 பல் இருந்ததைக் கழற்றி 22 பல் போடச் சொன்னேன். வேகம் குறையும், ஆனால் ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். இரண்டு பிரேக்குக்கும் கட்டை புதிது.

மகனுக்கு முன்னால் ஒரு இருக்கை. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பட்டையும் கால் வைக்கும் கிண்ணமும் இல்லாத இரும்பு இருக்கை. அதை வேண்டாம் என்றோம். தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டுக் கட்டும் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று கிடைத்தது. 15 கிலோ வரை தாங்கும் என்று அதில் போட்டிருந்தது. பையன் அப்போது 12 கிலோ 800 கிராம்.

மகளுக்குப் பின் கேரியர். அதில் 25 கிலோ என்று பொறித்திருந்தது. அவள் 19 கிலோ. மேலே ஸ்பாஞ்ச் மெத்தை, பிடித்துக்கொள்ள சீட்டுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி, கால் வைக்கப் பின் அச்சில் இரண்டு பக்கமும் இரும்புக் கட்டை. சேலை மாட்டாமல் இருக்கப் போடும் வலையைக் கடையில் ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தார்கள். மறுபக்கமும் போட வைத்தோம். குழந்தையின் குதிகால் ஸ்போக்குக்குள் போய்ச் சதை கிழிவது நம் ஊரில் எந்த அவசரப் பிரிவு நர்ஸைக் கேட்டாலும் சொல்லும் காயம். இந்த வலையின் விலை ஒரு வேளை ஆட்டோ காசுகூட ஆகவில்லை.

எல்லாம் சரியாகவே செய்தோம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஸ்டாண்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அந்தச் சைக்கிளில் இருந்தது ஒற்றைக் கால் சைடு ஸ்டாண்ட்.

பாட்டி சொன்னது

பாட்டிக்குப் பிடிக்கவில்லை. மறுத்தவர் சைக்கிள் தெரியாதவர் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு 26, 27 வயது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. கிடைத்த ஆம்பளை சைக்கிளில் முன் பாரில் மூன்று வயது மகனை உட்கார வைத்து, பின்னால் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த மகன்தான் இந்த வீட்டின் அப்பா.

அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்: “ஓட்டையில விழ மாட்டே. நிறுத்தையிலதான் விழுவே. குடம் வெச்சு ஓட்டினவளுக்குத்தான் அது தெரியும். வேணாம்மா.”

அதில் ‘வேணாம்மா’ மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. வயதானவர் பயப்படுகிறார் என்று மருமகள் எடுத்துக்கொண்டார். “பாத்துப் போறேன் அத்தை” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தலையாட்டினேன், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வாரங்கள்: வழி

முதல் மூன்று நாள் நேர் வழியில் போனார்கள். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஏறி, அங்கிருந்து சி.எம்.எச். ரோடு. தலைக்கு மேலே மெட்ரோ. நடுவில் தூண்கள் நிற்பதால் இரண்டு பக்கமும் ரோடு குறுகிவிட்டது. இடது ஓரத்தில் வரிசையாகக் கார்கள். காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் சைக்கிள். பின்னால் பஸ் வந்தால் அம்மா கார்ப் பக்கம் ஒதுங்குவார். ஒதுங்கும் இடத்தில் கார்க் கதவு திறக்கும். இரண்டாம் நாள் ஒரு கதவு பையனின் காலுக்கு ஒரு சாண் தள்ளித் திறந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கும் ஆட்டோவின் புகை நேரே பையனின் முகத்துக்கு வந்தது. அவன் உட்கார்ந்திருந்த உயரம் அப்படி.

நான்காம் நாள் அந்த வழியை விட்டுவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் இல்லாமல் நானும் அம்மாவும் ஜோகுபாளையத் தெருக்களில் சுற்றினோம். எந்த கிராஸ் எங்கே முட்டுகிறது, எங்கே நாய்க் கூட்டம் படுத்திருக்கிறது, எந்தச் சாக்கடை மூடி ஆடுகிறது என்று பார்த்து ஒரு வழி பிடித்தோம். அது 3.1 கிலோமீட்டர். நேர் வழியில் 14 நிமிடம், இதில் 19.

உள்வழியிலும் தொந்தரவு உண்டு. காலையில் குப்பை ஆட்டோ ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். தண்ணீர் லாரி பின்னோக்கி வரும். ஒரு வழித் தெருவில் எதிரே ஸ்கூட்டர் வரும். எல்லாவற்றையும் விட அதிகம் படுத்தியது வேகத்தடை. ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி இறங்க வேண்டும். உள்தெருக்களில் இருப்பவை ஒரு முழம் அகலத்தில் சுவர் மாதிரி நிற்பவை. கேரியரில் ஸ்பிரிங் கிடையாது; ஒவ்வொரு தடையும் மகளின் முதுகில் இடித்தது. அம்மா ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். தடைக்குப் பத்தடி முன்னால் “மேடு!” என்று குரல் கொடுப்பார். மகள் கால் கட்டையில் அழுத்தி மெத்தையிலிருந்து கொஞ்சம் எழும்புவாள். இரண்டு வாரத்தில் மகளே முந்திக்கொண்டு “மேடும்மா” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

வழியில் ஒரே ஒரு இடத்தில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் நிற்கும் இடமாகப் பார்த்து, இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது என்று முடிவு. அதற்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 300 மீட்டர் நடை. அந்தக் காவலர் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். இவர்களைக் கண்டதும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, “நிதானவாகி ஹோகி அக்கா” (மெதுவாகப் போங்க அக்கா) என்று கன்னடத்தில் சொல்வார்.

ஜூலை முழுக்கப் பெரிய பிரச்சினை இல்லை. வாரத்தில் நான்கு நாள், சில வாரம் ஐந்து நாள். மழை பெரிதாக இருந்தால் ஆட்டோ. பையன் சவாரிக்குக் காத்திருக்க ஆரம்பித்தான். வழியில் ஒரு வீட்டு மதிலில் படுத்திருக்கும் பூனைக்குக் கை காட்டாமல் போனால் அழுவான்.

ஆகஸ்ட்: விழுந்தது எப்படி

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. லேசான தூறல். அன்று நான் கூட இல்லை. அம்மா சொன்னதையும், காப்பகத்து ஆயா சொன்னதையும், மறுநாள் அந்த இடத்தில் நான் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

காப்பகத்து வாசலில் ரோடு கொஞ்சம் சரிவு. சைக்கிள் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்து நின்றது. அம்மா இறங்கி சைடு ஸ்டாண்டைத் தட்டினார். பையன் முன் இருக்கையில், பட்டை போட்டபடி. மகள் கேரியரிலிருந்து தானே இறங்கினாள். இறங்கும்போது அவளுடைய புத்தகப் பை கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. “அம்மா, பை” என்றாள். அம்மா ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் போனார்.

பின்னால் 19 கிலோ இறங்கிவிட்டது. முன்னால் 13 கிலோ அப்படியே இருக்கிறது. ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியது, சக்கரம் சரிவில் முன்னே உருண்டது. சைடு ஸ்டாண்டின் குணம், வண்டி முன்னே நகர்ந்தால் தானாக மடங்கிவிடும். மடங்கியது. சைக்கிள் இடது பக்கம், நடைபாதைக் கல்லின் மேல் சாய்ந்தது. பையன் பட்டையோடு சேர்ந்து விழுந்தான். தலை கல் விளிம்பில் அடித்தது.

அம்மா தூக்கும்போது அவன் அழவில்லை. நான்கைந்து நொடி கழித்து அழுதான். அந்த நான்கைந்து நொடியைப் பற்றிப் பேசும்போது அவருக்கு இன்றைக்கும் குரல் மாறுகிறது.

கீழ் உதட்டில் வெட்டு, முழங்கையில் சிராய்ப்பு. தலையில் எதுவும் இல்லை. ஹெல்மெட்டின் இடது பக்கத்தில், காதுக்கு மேலே, கட்டை விரல் நீளத்துக்கு நுரை நசுங்கி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்த நசுங்கல் பையனின் மண்டையில் விழ வேண்டியது.

பக்கத்து மருத்துவமனையில் டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். ஒரு நாள் முழுக்கக் கவனிக்கச் சொன்னார்: மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஹெல்மெட்டை அன்றே தூக்கிப் போட்டார்கள். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த அடியைத் தாங்காது.

நிறுத்தி வைத்த பத்து நாள்

சைக்கிள் பத்து நாள் திண்ணை ஓரத்தில் நின்றது. அப்பா விற்றுவிடலாம் என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

பாட்டி ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, அப்போ நீங்க எப்படி நிறுத்துவீங்க?” என்று கேட்டார். ஜூனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பாட்டி எழுந்து வாசலுக்குப் போய்ச் செய்தே காட்டினார். அவர் சொன்னதன் சாரம்: வெறும் தரையில் நிறுத்தவே கூடாது. திண்ணை, படிக்கட்டு, மைல் கல், ஏதாவது மேடு பார்த்து நிறுத்தி, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை அதன் மேல் ஊன்ற வேண்டும். இரண்டு பிரேக்கும் கையில் இருக்க வேண்டும். முதலில் பிள்ளை அந்த மேட்டில் இறங்கணும். அதற்கு அப்புறம்தான் நாம். அதற்கும் அப்புறம்தான் ஸ்டாண்ட், குடம் எல்லாம். “ஸ்டாண்டு சைக்கிளுக்கு. பிள்ளைக்கு இல்ல,” என்றார்.

ஆகஸ்டில் என்ன தவறு நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. பயிற்சி கொடுக்கும்போது ஓடும் சைக்கிளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம்: திரும்பும்போது கை காட்டு, பிரேக்கைச் சேர்த்துப் பிடி, ஓரம் போகாதே. குழந்தையோடு நின்றுகொண்டிருக்கும் சைக்கிளைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. நிற்கும்போது அதைத் தாங்குவது ஓட்டுபவரின் ஒரு கால்தான். இந்தச் சைக்கிளும் பிள்ளைகளும் பைகளும் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல். அம்மாவின் எடை 52.

மாற்றிய விஷயங்கள்

பாட்டி காட்டியதையே முறையாக்கினோம். வீட்டில் ஏற்றுவது திண்ணை ஓரத்தில். அம்மா சைக்கிளில் கால் போட்டு இரண்டு பிரேக்கும் பிடித்து நிற்பார். பையன் திண்ணையில் நிற்பான். பாட்டி அவனை இருக்கையில் வைத்துப் பட்டை மாட்டுவார். கடைசியாக மகள் ஏறுவாள். இறங்கும்போது மகள் முதலில். இறங்கியதும் அவள் சுவர் ஓரம் போய் நிற்க வேண்டும்; பை மாட்டினாலும் செருப்பு கழன்றாலும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. அம்மா சைக்கிளில் நின்றபடியே பட்டையைக் கழற்றிப் பையனை நடைபாதைக் கல்லின் மேல் இறக்குவார். அக்கா அவன் கையைப் பிடிப்பாள். அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் அம்மா ஹேண்டிலை விடலாம்.

பட்டையைக் கழற்ற ஒரு கை வேண்டுமே, அப்போது பிரேக் எப்படி? இதற்கு வழி சொன்னது சைக்கிள் கடைக்காரர். பழைய டியூப்பில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டிக் கொடுத்தார். பிரேக்கை அழுத்தி, அந்த ரப்பர் வளையத்தைப் பிரேக் பிடியையும் ஹேண்டில் பிடியையும் சேர்த்து மாட்டிவிட்டால் சக்கரம் நகராது. காசு வாங்கவில்லை. வளையம் எப்போதும் ஹேண்டிலிலேயே கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும், வெயிலில் ரப்பர் வெடித்துவிடும்.

சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு இரண்டு கால் ஸ்டாண்ட் போட்டோம். அதுவும் வெறும் சைக்கிளை நிறுத்தத்தான். காப்பகத்து வாசலில் சரிவு இருந்ததால், நாலு வீடு தள்ளிச் சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி நடந்து போனார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தொடங்கியபோது முதல் நாள் பையன் ஏற மறுத்தான். கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு நாள் அவனைத் திண்ணையில் நிறுத்தி, சும்மா ஏற்றி இறக்கினார் பாட்டி, சைக்கிள் நகராமலே. மூன்றாம் நாள் பூனையைப் பார்க்கப் போகலாமா என்று அவனே கேட்டான்.

மெட்ரோ வந்த பிறகு

2023 அக்டோபர் 9 அன்று பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விடுபட்டிருந்த மெட்ரோ இணைப்பு திறந்தது. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஒரே ரயில். அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டு மெட்ரோவில் போக ஆரம்பித்தார். ஸ்கூட்டர் வீட்டு வாசலில் சும்மா நின்றது.

சைக்கிளுக்குக் காரணமே ஸ்கூட்டர் இல்லாததுதான். இப்போது ஸ்கூட்டர் இருக்கிறது, அம்மாவுக்கு லைசென்ஸும் இருக்கிறது. திரும்பிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா கலந்து வைத்துக்கொண்டார். மழை நாளில், மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில், தாமதமான நாளில் ஸ்கூட்டர். மற்ற நாள் சைக்கிள். அக்டோபர், நவம்பர் மழையில் வாரம் இரண்டு நாள்தான் சைக்கிள் போனது. ஜனவரியில் மறுபடி நான்கு. ஏன் விடவில்லை என்று கேட்டேன். “ஸ்கூட்டர்ல பிள்ளைங்க பேசறது கேக்காது,” என்றார்.

பெரியவளின் சைக்கிள்

முன் இருக்கைக்கு 15 கிலோ எல்லை. பையன் மாதம் மாதம் கூடிக்கொண்டிருந்தான். அவனைப் பின் இருக்கைக்கு மாற்றினால் மகளுக்கு இடமில்லை. அதனால் 2023 நவம்பரிலேயே மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வண்டி வராது. இதைவிட நல்ல இடம் ஊருக்குள் கிடையாது.

பாட்டி காலத்துக் குரங்குப் பெடலும் வேண்டாம், பக்கச் சக்கரமும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 16 அங்குலச் சைக்கிளில் இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, கால் முழுதாகத் தரையில் படும்படி வைத்தோம். காலால் உந்தி உந்திப் போனாள். மூன்றாவது ஞாயிறு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு இருபது அடி மிதந்தாள். அன்றே பெடலை மாட்டினோம். அரை மணி நேரத்தில் ஓட்டினாள். பக்கச் சக்கரம் வைத்தால் பிள்ளை சாயவே பழகாது, அதைக் கழற்றிய நாளன்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த நான்கு மாதம் சனிக்கிழமைகளில் உள்தெருக்களில் பழக்கம். அம்மா அவளுக்குப் பின்னால், அரைச் சக்கரம் வலப் பக்கம் தள்ளி வருவார். பின்னால் வரும் வண்டிக்கு முதலில் தெரிவது அம்மாதான். ஒவ்வொரு முக்கிலும் இறங்கி நிற்க வேண்டும். அம்மா ‘போ’ என்று சொன்னால்தான் போக வேண்டும்.

2024 ஜூனில் பள்ளி திறந்தபோது பையன் 14 கிலோ 900 கிராம். பட்டை வைத்த பின் இருக்கைக்கு அவன் மாறினான். மகளுக்கு ஏழு வயது, 20 அங்குலச் சைக்கிள். மூன்று வாரம் அவளே பள்ளிக்கு ஓட்டிப் பார்த்தாள். நன்றாகவே ஓட்டினாள். ஆனால் மூன்றாம் வாரம் ஒரு வழித் தெருவில் எதிரே ஸ்கூட்டர் வந்தபோது, ஓரம் ஒதுங்காமல் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்கூட்டர்காரர்தான் வளைந்து போனார். அன்று மாலை நாங்கள் பேசினோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு சைக்கிளைக் கட்டுப்படுத்தத் தெரிகிறது. வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியவில்லை. அதற்குப் பயிற்சி குறைவு காரணம் இல்லை, வயதுதான் காரணம். பள்ளி நேரத் தெருவில் அந்தக் கணிப்பு தேவைப்படுகிறது.

முடிவு: தினமும் வேண்டாம். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் மட்டும், அவர் வாடகைச் சைக்கிளில் முன்னால் போக, மகள் நடுவில், அம்மாவும் தம்பியும் பின்னால். மற்ற வாரங்களில் மகள் பள்ளி வேன். வேன் செலவு கூடியது; ஏற்றுக்கொண்டார்கள்.

2024 டிசம்பர் நிலவரம்

அம்மாவும் மகனும் வாரம் நான்கு நாள் சைக்கிளில் போகிறார்கள். மகள் மாதத்தில் இரண்டு வாரம் சேர்ந்து வருகிறாள்; சனிக்கிழமை ஏரியைச் சுற்றி ஒரு சவாரி உண்டு, திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நின்று இளநீர். ஆகஸ்ட் 2023க்குப் பிறகு யாரும் விழவில்லை. ஒரு தடவை பஞ்சர், ஒரு தடவை செயின் அறுந்தது. பெரிய ரோட்டு 300 மீட்டரை இன்னும் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறார்கள். அந்தக் காவலர் மாறிப் போய்விட்டார். புதியவர் இவர்களுக்காக வண்டிகளை நிறுத்துவதில்லை.

மறுபடி தொடங்கினால்

ஸ்டாண்டை முதல் நாளே மாற்றுவேன். ஃப்ரீவீலுக்கும் பிரேக்குக்கும் கொடுத்த கவனத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தால் போதும். சவாரி தொடங்கும் முன் ஒரு வாரம் முழுக்க ஏறி இறங்குவதை மட்டுமே பழக்குவேன், வீட்டு வாசலிலும் காப்பகத்து வாசலிலும், புத்தகப் பையோடு, மழைக்கோட்டோடு. ஆகஸ்டில் நடந்தது ஒரு பை மாட்டிக்கொண்டதால்தான்.

வழியைப் பிள்ளைகள் இல்லாமல் முதலில் ஓட்டிப் பார்ப்போம். அந்த மூன்று நாள் சி.எம்.எச். ரோட்டில் போனதற்கு எந்த நியாயமும் இல்லை. நேர் வழி என்பதால் போனோம், அவ்வளவுதான்.

மகளின் விஷயத்தில் மூன்று வாரம் ஓட்டவிட்டது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். அம்மா சரி என்கிறார்; ஓட்டிப் பார்க்காமல் அது தெரிந்திருக்காது என்கிறார். நான் இன்னொரு தடவை என்றால் முதல் நாளிலிருந்தே முன்னால் ஒரு பெரியவர் இல்லாமல் விட மாட்டேன்.

இப்போது புதிதாகக் குழந்தை இருக்கை மாட்ட வருபவர்களிடம் வீட்டில் சைக்கிள் ஓட்டிய பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன். இருந்தால் அவர்களையும் ஒரு ஞாயிறு பூங்காவுக்கு வரச் சொல்கிறேன். போன மாதம் வந்த ஒரு தாத்தா, குழந்தையை ஏற்றும் முன் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டி நிறுத்தச் சொன்னார். அதையும் சேர்த்துக்கொண்டோம்.